அகலமுள்ள கோடு

பூவிழி செய்த வலைப்பக்கத்தில் ஒரு புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்தால் ஒரு கோடு நகரும். அதற்கு மேல் அந்தப் பக்கம் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததில்லை.

கணினி வடிவியலில் உள்ள எளிய கருத்து ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக அவள் செய்தது அது. திரையில் ஒரு வரைபடம். அதில் இரண்டு புள்ளிகள், மேற்கே பெரம்பலூர், கிழக்கே அரியலூர். பெரம்பலூருக்குப் பக்கமாக இருக்கும் நிலமெல்லாம் பச்சை. அரியலூருக்குப் பக்கமாக இருப்பதெல்லாம் மஞ்சள். புள்ளியை இழுத்தால் நிலம் நிறம் மாறும். 'புதுப் புள்ளி' என்ற பொத்தானை அழுத்தினால் மூன்றாவது, நான்காவது என்று வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு புள்ளியைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் வேறு புள்ளிகள் வந்துவிட்டால் அதன் பகுதி நாலு பக்கமும் மூடிக்கொள்ளும் என்று கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். அந்த வாக்கியம் சரிதானா என்று சந்தேகம் வந்து வந்து சோதித்தாள். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது.

அவளை அதிகம் அலைக்கழித்தது இன்னொரு கேள்வி. இரண்டு புள்ளிகளுக்கும் சரிசமமான தூரத்தில் இருக்கும் இடத்துக்கு என்ன நிறம்? வேறு யாராவது செய்திருந்தால் ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பூவிழிக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் சமமானதை ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது பொய்யல்லவா? அதனால் நடுவே மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று போட்டாள். அந்த நேர்மைக்குத்தான் பிறகு வட்டியோடு பலன் கிடைத்தது.

அவள் படித்த இடத்தின் பெயர் இரு மாவட்ட மாலைநேரக் கணினித் திறன் மேம்பாட்டு நிறுவனம். பெரம்பலூரில் ஒரு மையம், அரியலூரில் ஒரு மையம். பகலில் உரக்கடையில் பில் போட்டுவிட்டு, மாலையில் பெரம்பலூர் மையத்துக்குப் போவாள். மையத்தில் இயக்குநர் இருந்தார், கண்காணிப்பாளர் இருந்தார், அலுவலக உதவியாளர்கள் இருந்தார்கள். ஆசிரியர் மட்டும் இல்லை. பணியிடம் நிரப்பப்படும் வரை மாணவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அந்த அனுமதியின் பேரில் பூவிழி கற்றுக்கொண்டாள்.

சேரும்போது பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களின் அசலை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. கற்பிக்க ஆள் இல்லாத இடத்திலிருந்து மாணவர்கள் ஓடிப்போக வாய்ப்புண்டு என்பதை நிறுவனம் முன்கூட்டியே யோசித்திருந்தது. அசல்கள் ஒரு பச்சை இரும்பு பீரோவுக்குள் போகும். திட்டப்பணியை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, மாணவர் குடியிருக்கும் எல்லைக்குரிய மையத்தின் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும்.

வெளியே வந்தே ஆகவேண்டிய நேரமும் வந்தது. பள்ளிப் பாடங்களை இப்படி வலைப்பக்கங்களாகச் செய்து தரும் திருச்சி நிறுவனம் ஒன்று பூவிழியின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டது. மாத முதல் தேதி அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும்.

"திருச்சியா?" என்றாள் அவள் அம்மா கிருஷ்ணம்மாள். அப்போது அவள் கொல்லையிலிருந்து வந்த மக்காச்சோளக் கதிர்களை உரித்துக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். "அங்க போயி தங்கணுமா?"

"ஆஸ்டல் இருக்கும்மா."

"ம்." ஒரு கதிரை உரித்து முடித்தாள். "சோளம் இந்த வருசம் பல்லுப் புடிக்கல பாரு."

திருச்சி என்ற பேச்சு வந்தால் அம்மாவுக்குச் சோளத்தைப் பற்றி ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

அந்த வலைப்பக்கம்தான் அவளுடைய திட்டப்பணி. அதைப் பார்வையிட்டவர் கண்காணிப்பாளர் வைரக்கண்ணு. லேப்டாப்பைத் திறந்து வைத்து, "இழுத்துப் பாருங்க சார்" என்று பூவிழி மவுஸை நகர்த்திக் கொடுத்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டால் தன் பொறுப்பாகிவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

"ஊடாடும் பக்கம்னு போட்டிருக்கியே, அப்படின்னா என்னம்மா?"

"நாம ஒண்ணு செஞ்சா, அதுக்குத் தகுந்த மாதிரி அதுவும் ஒண்ணு செய்யுங்க சார்."

"எப்ப செய்யும்?"

"உடனே செய்யுங்க."

வைரக்கண்ணு யோசித்தார். "இந்த ஆபீசுக்கு ஒத்து வராதே" என்றார். "சரி, பிரிண்ட் எங்க?"

"சார், இது இழுத்துப் பாக்குறதுங்க. பிரிண்ட் எடுத்தா நகராது."

"இழுத்தத பிரிண்ட் எடு."

"எந்த எடத்துக்கு இழுத்ததுங்க?"

"எல்லா எடத்துக்கும்."

பூவிழி எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. புள்ளியை நூல் நூலாக நகர்த்தி, நகர்த்திய இடத்திலெல்லாம் ஒரு பிரதி எடுத்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர், "ஏம்மா, ஒரே படத்த ஏன் இத்தினி தடவ போடுற? மிசின் சூடேறுது" என்றார். "ஒரே படம் இல்லண்ணே. ஒண்ணொண்ணுலயும் கோடு கொஞ்சம் தள்ளியிருக்கு" என்றாள். அவர் இரண்டு தாள்களைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வூட்டுல எதும் பிரச்சனையா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தலையணை பருமனுக்கு ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். வைரக்கண்ணு கட்டைவிரலால் அதைப் பரபரவென்று புரட்டினார். தாள்கள் ஓட, கோடும் ஓடியது. அவர் கண்கள் விரிந்தன. திரும்பப் புரட்டினார். உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அட, நகருதேய்யா! இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேங்க சார்."

"வாயால சொன்னா எப்படித் தெரியும்?"

பிறகு அவர் இரண்டே இரண்டு திருத்தங்கள் சொன்னார். முதலாவது, வெறும் புள்ளி மரியாதையாக இல்லை. பெரம்பலூர்ப் புள்ளியில் பெரம்பலூர் இயக்குநரின் படமும், அரியலூர்ப் புள்ளியில் அரியலூர் இயக்குநரின் படமும் வர வேண்டும். இரண்டாவது, நடுவில் உள்ள கோடு மையத்தின் புரொஜெக்டரில் தெரியாது. அந்தப் புரொஜெக்டரில் எதுவுமே சரியாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"கோட்ட மொத்தமாக்கும்மா. ஒரு விரக்கடை இருக்கணும்."

பூவிழி தயங்கினாள். கோடு என்பது சமதூரத்தில் இருக்கும் இடங்களின் சேர்க்கை மட்டும். அதற்கு அகலம் கிடையாது. அகலம் கொடுத்தால் தவறான பாடமாகிவிடாதா? ஆனால் ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா? நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். கோடு பெருத்தது. அதை மாற்றிய கை தன் கைதான் என்பது பிறகு நெடுநாள் அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

கூட்டு ஆய்வுக்கு இரண்டு இயக்குநர்களும் பெரம்பலூர் மையத்தின் கூடத்துக்கு வந்தார்கள். சால்வைகள் மாறின. பெரம்பலூர் இயக்குநர் முத்தமிழ்செல்வன் முதலில் பேசினார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வர்றப்போ எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. மறைக்கல. ஆனா ஒரு நாளாவது இங்க நிர்வாகம் நின்னு போயிருக்கா? இல்ல. அப்ப எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கைதட்டல் அடங்கியதும் அரியலூர் இயக்குநர் பழனிவேல் எழுந்தார்.

"எங்க மையத்துல வாத்தியார் இல்ல. பாதி நாள் கரண்டு இல்ல. போன வருசம் மாணவர்களும் இல்ல. இருந்தாலும் நூறு சதவீதம் தேர்ச்சி காட்டியிருக்கோம். இதுக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

பிறகு பூவிழியின் பக்கம் திரையில் விழுந்தது. தன் முகம் வரைபடத்தின் மேல் மிதப்பதைக் கண்டு முத்தமிழ்செல்வன் உருகிப்போனார். வைரக்கண்ணுவைப் போல அவர் தயங்கவில்லை. மவுஸைப் பிடித்துத் தன் முகத்தை லேசாக மேற்கே இழுத்தார். பச்சை சுருங்கியது.

"என்னம்மா இது, என் எடம் கொறையுது?"

"அந்தப் பக்கம் போனா எல்லையும் அந்தப் பக்கம் நகருங்க சார். அரியலூர்ப் பக்கமா நெருங்கிப் போனீங்கன்னா உங்களுக்குக் கூடும்."

விளக்கம் கேட்டவருக்கு விளக்கம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. முத்தமிழ்செல்வன் தன் முகத்தைக் கிழக்கே இழுத்தார். பச்சை, கொல்லைகளையும் சுண்ணாம்புக்கல் குவாரிகளையும் விழுங்கிக்கொண்டு போனது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பழனிவேலின் கன்னத்தை உரசுகிற மாதிரி வந்து நின்றது அவர் முகம்.

"அய்யா, என்ன இது? ஊட்டுக்குள்ள வந்துட்டீங்க?" பழனிவேல் மவுஸைப் பிடுங்கி, தன் முகத்தை முத்தமிழ்செல்வனின் தலைக்கு மேலாகத் தாண்டவைத்து அந்தப் பக்கம் போட்டார். ஒரே நொடியில் பெரம்பலூர் மாவட்டம் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"அது என் ஆபீஸ் இருக்கிற எடம்யா!"

"நீங்க என் பஸ் ஸ்டாண்டுல நிக்கலியா?"

மவுஸ் கைமாறியது. முகங்கள் பறந்தன. நிலம் பச்சையும் மஞ்சளுமாக மாறி மாறித் துடித்தது. கடைசியில் பெரம்பலூர்க்காரர் அரியலூரிலும் அரியலூர்க்காரர் பெரம்பலூரிலும் நின்று மூச்சு வாங்கினார்கள். மவுஸின் வயர் அறுந்து போனதால் யுத்தம் அத்தோடு நின்றது.

"சார், இது நெசம் இல்லீங்க. பாடத்துக்கு வெச்சது. விளையாட்டுங்க சார்" என்று பூவிழி எழுந்து சொன்னாள்.

"எல்லைங்கிறது விளையாட்டாம்மா உனக்கு?" என்றார் இரண்டு பேரும். அந்த ஆய்வில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

வைரக்கண்ணு மெல்ல எழுந்தார். "பிரச்சனை நகருறதுலதான் இருக்கு. நகராம பண்ணிட்டா பிரச்சனை இல்ல." கூட்டம் அதை வியந்து ஏற்றுக்கொண்டது. புள்ளிகள் அவரவர் ஊருக்குத் திரும்பின. அந்த நிலையில் வரைபடம் பிளெக்ஸில் அச்சடிக்கப்பட்டு, இரு மையங்களின் ஆளுகை எல்லையாக அறிவிக்கப்பட்டது. ஊடாடும் வலைப்பக்கம் இனி ஊடாடக் கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். பூவிழியின் திட்டப்பணி ஏகமனதாக ஏற்கப்பட்டது. அவளுக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

சால்வையோடு நேராகப் பீரோ இருக்கும் அறைக்குப் போனாள். "சார், ஏத்துக்கிட்டாங்க. அசலக் குடுத்தீங்கன்னா..."

"குடுத்துரலாம். எந்த ஊரு?"

"காரைமேடுங்க. அரியலூர் ரோட்டுல."

வைரக்கண்ணு புதுப் பிளெக்ஸ் முன்னால் போய் நின்று, ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஸ்கேலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, உன் வூடு கோட்டுக்குள்ள இல்ல இருக்கு?"

பூவிழியும் பார்த்தாள். விரக்கடைக் கோட்டின் அகலத்துக்குள் காரைமேடு முழுதும், அதைச் சுற்றிய சோளக்கொல்லைகளும், ஒரு பஞ்சர் கடையும் அடங்கியிருந்தன.

"சார், கோட்டுக்கு அகலம் கெடையாதுங்க. அது தெரியட்டும்னு நீங்கதான் மொத்தமாக்கச் சொன்னீங்க."

"அகலம் இல்லாதத எப்படிம்மா பிரிண்ட் போட்டாங்க?"

பூவிழி மறுபடி கோட்டைப் பார்த்தாள். கேள்வியில் ஏதோ நியாயம் இருப்பது போலக்கூடத் தோன்றியது.

"எங்க எல்லை பச்சை. பச்சையில இருக்கிறவங்களுக்குத்தான் எங்க டைரக்டர் கையெழுத்துப் போட முடியும். நீ அரியலூர்ல கேட்டுப் பாரு."

மறுநாள் அரியலூர் போனாள். பழனிவேல் நாற்காலி கொடுத்து, டீ வரவழைத்து, அன்பாகப் பேசினார். "நீ நல்ல பொண்ணு. நல்லா படிச்சிருக்கே. ஆனா எங்க எல்லை மஞ்சள். கோட்டுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டேன்னா, அந்தாளு அதையே சாக்கா வெச்சு உள்ள வருவான். இன்னைக்குக் கோடு, நாளைக்குப் பஸ் ஸ்டாண்டு."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வந்ததும் நிரலைத் திறந்து பழைய எண்ணையே போட்டாள். கோடு மெலிந்து மயிரிழையானது. வீடு தெளிவாகப் பச்சைக்குள், ஒரு கொல்லை தூரம் உள்ளே, இருந்தது. செல்போனில் அதை வைரக்கண்ணுவுக்குக் காட்டினாள். அவர் பதறி அதைக் கையால் மூடினார்.

"இது அனுமதி இல்லாத கோடும்மா! வேற யாருக்கும் காட்டினியா?"

"இல்லீங்க சார். சார், பாடாலூர்ல எங்க பெரியம்மா வூடு இருக்குங்க. அங்க குடியிருக்கேன்னு எழுதிக் குடுத்தா?"

"தாராளமா. பாடாலூர் நல்ல பச்சை." அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். "எல்லை மாறணும்னா இப்ப இருக்கிற எல்லையோட மையத்துல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துரு."

"இப்ப இருக்கிற எல்லைக்குத்தான் மையம் இல்லீங்களே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இதற்கிடையே மாத முதல் தேதி வந்து போனது. திருச்சிக்காரர்களிடம் கெஞ்சி அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை வரை தவணை வாங்கினாள். அதற்குமேல் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

கிருஷ்ணம்மாள் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, சொவத்துல இழுத்த கோட்டுக்குள்ள நம்ம வூடு எப்படிடி போவும்? அந்த ஆபீசருங்க சோத்ததான் திங்கிறானுவளா? நான் அந்த நாக்காலியில ஒக்காந்தா ஒரு நிமிசத்துல தூக்கிக் கையில குடுத்துருவேன்."

"நீ ஒக்காந்தா திருச்சிக்கும் அனுப்பிருவியாம்மா?"

"போன மழைக்காவது சோளம் தேறும்னு பாத்தேன்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

பூவிழியின் மனுக்கள் பெருகியதால் இயக்குநர்கள் மறுபடி கூடினார்கள். கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட மாணவர் எந்த நிர்வாகமும் இல்லாமல் தவிப்பது மனிதாபிமானம் அல்ல என்று முத்தமிழ்செல்வன் குரல் தழுதழுக்கப் பேசினார். ஆகவே கோட்டுக்குள்ளேயே ஒரு மையம் திறக்க முடிவானது. அது எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டுமே என்று முத்தமிழ்செல்வன் வடக்கே வேப்பூரில் தனக்கு ஒரு துணை மையம் கேட்டார். உடனே பழனிவேல் தெற்கே கீழப்பழுவூரில் ஒன்று கேட்டார். எல்லாம் அனுமதிக்கப்பட்டது. ஆசிரியர் யாரும் இல்லாததால் எத்தனை மையம் திறப்பதிலும் சிரமம் இருக்கவில்லை.

காரைமேட்டில் மையத்துக்கு வேறு கட்டடம் கிடைக்கவில்லை. கோட்டைப் பற்றி முழுதும் அறிந்தவர் பூவிழி ஒருவரே. ஆகவே அவள் வீடே மையம், அவளே பொறுப்பு இயக்குநர். சம்பளம் இல்லாத கௌரவப் பதவி.

தவணை முடியும் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் சின்ன லோடு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து பச்சை பீரோவும், ஒரு சுழல் நாற்காலியும், ஒரு புதுப் பிளெக்ஸும் இறங்கின. பின்னால் மோட்டார் சைக்கிளில் வைரக்கண்ணு வந்தார். கோட்டுக்குரிய கோப்பு கோட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதால் பீரோவும் கூடவே வந்திருக்கிறது என்றார். சாவியை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினார்.

பூவிழி சாவியை எடுத்தாள். பீரோவைத் திறந்தாள். உள்ளே, மேல்தட்டில், அவள் பெயர் எழுதிய உறை. பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி எல்லாம் அதில் இருந்தன. தொட்டுப் பார்த்தாள்.

"எடுத்துக்கலாமாங்க சார்?"

"என்னைய ஏன் கேக்குறீங்க மேடம்? இது உங்க மையம்." அவர் இப்போது மரியாதையாகப் பேசினார். "மையத்தோட இயக்குநர் கையெழுத்துப் போட்டா எடுத்துக்கலாம்."

"நான்தான இயக்குநர்? நானே போட்டுக்கிறேன்."

வைரக்கண்ணு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தன் கோப்புல தானே கையெழுத்துப் போடக் கூடாதுங்க மேடம். அது ஊழல்."

உறையின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. சும்மா எடுத்துக்கொண்டு போய்விடலாம். யார் தடுப்பது? ஆனால் உறைக்குள் அசல்களோடு வெளியேற்றச் சான்று ஒன்று வைக்கப்பட வேண்டும், அது இல்லாமல் எடுத்துப்போனால் திருட்டு என்றார் வைரக்கண்ணு. திருச்சிக்காரர்களும் அந்தச் சான்றைக் கேட்டிருந்தார்கள். எதையும் முறைப்படி செய்தே பழகியவள். கையை எடுத்துக்கொண்டாள்.

"பொறுப்ப வேற யாருக்காச்சும் மாத்திக் குடுக்கலாமாங்க?"

"தாராளமா. பீரோவுக்குக் காவல் வேணும் பாருங்க, அதனால மையக் கட்டடத்துலயே குடியிருக்கிறவங்களா இருக்கணும். கையெழுத்துப் போடத் தெரியணும். அவ்ளோதான்."

அடுப்படியிலிருந்து கிருஷ்ணம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் போடுவேன் கையெழுத்து. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

பூவிழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவு நாள் மூடிக்கிடந்த நிறுவனத்தில் ஒரு சந்து இருந்திருக்கிறது, அது தன் வீட்டு அடுப்படிக்கே வந்து முடிந்திருக்கிறது! வைரக்கண்ணுவின் எதிரிலேயே பொறுப்பை அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தாள். அவர் புது இயக்குநருக்கு ஒரு சால்வை போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

"ஒக்காரும்மா. இங்க ஒரு கையெழுத்து, இந்தச் சான்றுல ஒரு கையெழுத்து. நாளைக்கே கெளம்பிருவேன்."

கிருஷ்ணம்மாள் முந்தானையால் சுழல் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி லேசாகச் சுழன்றது. காலை ஊன்றி நிறுத்தினாள். மறுபடி ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அலமாரி மேலிருந்த கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டாள். பூவிழி பேனாவை நீட்டினாள்.

"இதுல என்னமோ போட்டிருக்கே? திட்டப்பணிய நேர்ல பாத்துட்டுன்னு?"

"அது சும்மா எழுதியிருக்கிறதும்மா. அதான் ஏத்துக்கிட்டாங்களே."

"அவனுவ ஏத்துக்கிட்டாங்க. நான் பாக்க வேணாமா? கையெழுத்துப் போடுறவ நான்."

பூவிழி லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். புதுப் பிளெக்ஸில் இருந்தபடியே புள்ளிகளை வைத்தாள். மேற்கே பெரம்பலூர், கிழக்கே அரியலூர், வடக்கே வேப்பூர், தெற்கே கீழப்பழுவூர். நடுவில் காரைமேடு. கடைசிப் புள்ளியை வைத்ததும் நாலு பக்கமிருந்தும் தடித்த சாம்பல் கோடுகள் வந்து ஒன்றோடொன்று முட்டி நின்றன. நடுவில் இருந்த பகுதி மூடிக்கொண்டது. அவள் எழுதிய குறிப்பு சரிதான்.

"இது என்னடி கட்டம்?"

"நம்ம மையத்தோட எல்லைம்மா. இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் உன் பொறுப்பு."

"நம்ம வூடு?"

"இதோ, நடுவுல இருக்கு."

கிருஷ்ணம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தாள். சோளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டு சுற்றி வந்தாள். ஒரு வேலியில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல இருந்தது அது.

"இதுல திருச்சி எங்க இருக்கு?"

"திருச்சி இந்தப் படத்துல வராதும்மா."

"வராதுல்ல?" என்றாள் கிருஷ்ணம்மாள். பேனாவின் மூடியைப் போட்டுத் திருகினாள். "இப்ப என்ன அவசரம், திங்கக்கெழமை பாத்துக்கலாம்."